அப்பா எழுந்து நின்ற ஜூலை

நாரின்,
ஆகஸ்ட், புல்லறுப்பு நேரம்.

அன்புள்ள என்னவருக்கு,

பெர்மெத் எழுதுவது. முதலில் இந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம். உங்கள் அப்பா நன்றாக இருக்கிறார். இப்போது வாசலில், குதிரைக்கு லாடம் அடிக்க வந்தவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளும் சுகம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போன் எப்போதும் அப்பாவின் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இது அவர் முன்னால் பேச முடியாத விஷயம். பெய்ஷென் மாமாவின் மருமகன் நாளை நீங்கள் இருக்கும் யாகுத்ஸ்குக்குக் கிளம்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் அப்பாவுக்கு அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்தது. உட்காருங்கள். நன்றாக இருக்கிறார் என்றுதான் முதலிலேயே எழுதிவிட்டேனே.

வசந்தத்தில் தடுப்பூசி வந்தபோது, பெரியவர்களுக்குத்தான் முதலில் என்று நர்ஸ் குல்சுன் வீடு வீடாக வந்தாள். அப்பா அவளுக்குத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பயத்தால் அல்ல. "அவளுக்குக் கிடைக்காதது எனக்கு எதுக்கு?" என்றார். அம்மாவைத்தான் சொன்னார்.

போன வருட ஜூலை உங்களுக்குத் தெரியும். நம் தெருவில் ஒரு துக்கக் கூடாரத்தைப் பிரிப்பதற்குள் அடுத்ததைப் போட்டார்கள். எல்லை மூடியிருந்ததால் நீங்கள் வர முடியவில்லை. அம்மா போன செய்தியை உங்களுக்கு நான்தான் சொன்னேன். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால்தான், மருமகள் குரல் உயர்த்தக்கூடாது என்பதை மறந்து, மாவுக் கையோடு அவர் முன்னால் போய் நின்றேன். "அப்பா, உங்க மகனுக்கு அந்த மாதிரி சேதிய ஒரு தடவ சொல்லிட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாது. நீங்க போறதா இருந்தா, அவர்கிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க" என்றேன். அவர் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. மறுநாள் காலை விசேஷத்துக்குப் போடும் வெள்ளைத் தொப்பியோடு குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். "அந்த நர்ஸ் பொண்ணு எத்தன மணிக்கு ஆஸ்பத்திரிக் கதவத் திறப்பா?" என்றார்.

போட்டு வந்தவர் சும்மா இருந்தாரா? பெய்ஷென் மாமா வீட்டு வாசலிலேயே குதிரையை நிறுத்திவிட்டார். "எங்கப்பன் ஊசியா போட்டான்? தொண்ணூறு வரைக்கும் இருந்தானே" என்றார் மாமா. அதற்கு அப்பா, "உங்கப்பன் வேலை செஞ்சான்டா, உன்ன மாதிரி குந்திக்கிட்டுக் கிடக்கல. இப்ப வர்றியா, இல்ல உன் பொண்டாட்டியக் கூப்பிட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்லவா?" என்றாராம். உள்ளேயிருந்து அத்தை, "கூப்பிடவே வேணாம், நான் வந்துட்டேன்" என்று வெளியே வந்துவிட்டார். இப்படித் திட்டித் திட்டியே தெருக் கிழவர்களையெல்லாம் ஓட்டிக்கொண்டு போனார். இரண்டாம் ஊசிக்கும் விடவில்லை. மேல் தெரு முகாய் மாமா மட்டும் வரவில்லை. "எனக்கு மலைக் காத்து போதும்" என்று சிரித்தார்.

ஜூலையில் நோய் திரும்பி வந்தது. அப்பாதான் முதலில் படுத்தார். விரலில் மாட்டும் கருவியில் அம்மாவின் ஆக்ஸிஜன் எண் இறங்கிக்கொண்டே போனதைப் பார்த்தவள் நான். அப்பாவுக்கு அது இறங்கவில்லை. காய்ச்சல் அடித்தது, இருமினார், பிறகு ஒரு நாள், "உப்பில்லாத சூப்பு குடுத்தே கொல்லப் பாக்குறியா?" என்று என்னைத் திட்டினார். அடுப்புக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன், அழுதேன்.

பெய்ஷென் மாமாவை மருத்துவமனைக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஆனாலும் தன் காலாலேயே நடந்து திரும்பினார். "ஊசி போட்டா நோயே வராதுன்னு நான் சொல்லலியே. சாவு குறையும்னுதான் சொன்னேன்" என்றாள் குல்சுன். சொன்னபடியே நடந்தது. இந்த ஜூலையில் நம் தெருவில் ஒரு கூடாரம்கூடப் போடவில்லை.

மேல் தெருவில்தான் ஒன்று போட்டார்கள். முகாய் மாமா போய்விட்டார். அவருக்கு மண் போட்டுவிட்டு வந்த அப்பா சாப்பிடவில்லை. "இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

நேற்று கிழவர்கள் எல்லோரும் புல்வெளிக்குக் கிளம்பினார்கள். புளித்த குதிரைப்பால் குமிஸ் குடித்த தெம்பில் பாலத்திலிருந்து பந்தயம் வேறு. அப்பா ஜெயித்தார். "ஜெயிச்சது நீ இல்ல, உன் குதிர" என்று பெய்ஷென் மாமா கத்தினார். போன வருடம் தலையில் அடித்துக்கொண்டு அழுத நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று கைதட்டினோம். எனக்கு, நானே ஏதோ பெரிய போரில் ஜெயித்து வந்த மாதிரி இருந்தது. சொல்லிக்கொள்கிறேனே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

உங்களுக்கு என்ன எழுதட்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். "உன் பாதை வெள்ளையா இருக்கட்டும், உடம்பப் பாத்துக்கோ, நீயும் ஊசி போட்டுக்கோன்னு எழுது" என்றார். போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லை திறந்துவிட்டதாம். பனி விழுவதற்குள் வந்துவிடுங்கள். இந்த வீட்டில் உங்களை 'மகனே' என்று கூப்பிட இன்னும் ஒருவர் இருக்கிறார்.

உங்கள்,
பெர்மெத்