கொதிக்கும் தண்ணீரில் எது முறிகிறது

அண்ணா,

அன்புள்ள என்று தொடங்கத்தான் வேண்டும். கை வரவில்லை, இருக்கட்டும்.

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. உங்கள் வேதியியல் குறிப்புகளை மாணவர்கள் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். பழைய நோட்டுகளைக் கேட்டு அவர்களில் ஒருவரான செல்வராஜ் நேற்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்தார். "சார் மாதிரி நேர்மையான மனுஷரைப் பாக்கவே முடியாதுங்க" என்றார். நான் காபி கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞாபகம் இருக்கிறதா? கூடத்தில் டியூஷன். தண்ணீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே உள்ள பிணைப்பு முறிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அப்படின்னா உலை கொதிக்கிறப்பல்லாம் ஹைட்ரஜன் வரணுமே அண்ணா. அடுப்படியே வெடிச்சிருக்குமே" என்றேன். பையன்கள் சிரித்தார்கள்.

அதோடு விட்டேனா? அந்தப் பிணைப்பை முறிக்க மோலுக்கு நூற்றுப்பத்து கிலோ கலோரி வேண்டும். ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஐந்தே போதும். கொதிக்கும்போது விட்டுப்போவது அந்த லேசான பிடிதான் என்றும் சொன்னேன்.

"வாய்க்கொழுப்பு. உள்ள போ. படிச்சு கிழிச்சது போதும், நாளையிலேருந்து காலேஜ் கிடையாது" என்றீர்கள். அம்மா அழுதும் நீங்கள் மசியவில்லை.

உங்களுக்கு நிஜமாகவே அது தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். தெரியாத மனிதர் கோபப்பட்டார், போகட்டும் என்று உங்களை மன்னிக்கக்கூடப் பார்த்தேன்.

நேற்று செல்வராஜுக்காக எடுத்தபோது அந்த வருஷத்து டியூஷன் நோட்டைப் புரட்டினேன். பிணைப்பு முறிகிறது என்ற அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறீர்கள். கீழே நூற்றுப்பத்து, ஐந்து என்று நான் சொன்னதையே எழுதியிருக்கிறீர்கள். தேதி, மறுநாள் திங்கட்கிழமை. என் பெயரை நீக்கச் சொல்லிக் காலேஜில் நீங்கள் கடிதம் கொடுத்த அதே நாள். நான் சொன்னது சரி என்று தெரிந்துகொண்டே போய்க் கொடுத்தீர்களா? எப்படி அண்ணா மனசு வந்தது?

செல்வராஜிடம் சொல்லிவிட்டேன். அடித்த வரியும் அச்சாக வேண்டும், அதன் கீழே திருத்தியவள் என்று என் பெயரும் வேண்டும். இல்லாவிட்டால் நோட்டு கிடையாது.

"சாருக்கு அவமரியாதையா ஆயிடாதுங்களா?" என்றார்.

"ஆகட்டும்" என்றேன்.

புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தை உங்கள் படத்துக்கு முன்னால் நின்று உரக்கப் படிப்பேன். இது சத்தியம். இந்தத் தடவை என்னை யாரும் உள்ளே போகச் சொல்ல முடியாது.

உங்கள் உடன்பிறந்த தங்கை,
ராஜம்