உமா ஒட்டிய பன்னிரண்டு வரிசை

கோவில்பட்டி
11.4.1999

அன்பு மகன் செல்வக்குமாருக்கு அப்பா எழுதிக்கொண்டது. உன் வீட்டுக்காரி முத்துசெல்வியும் பிள்ளைகள் இரண்டும் காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லாமல் சௌக்கியம். எனக்கும் உடம்புக்குக் குறைவில்லை, கோபம்தான் மூக்குக்கு மேல் நிற்கிறது. மஸ்கட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். நலம் விசாரிக்காமல் ஆரம்பித்தால் பெரிய மனுசத்தனம் இல்லை என்பதால் முதலிலேயே விசாரித்துவிட்டேன், இனித் திட்டலாம்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது, அதற்கு முந்தின நாளே ஊட்டிப் பக்கத்து விடுதிப் பள்ளியிலிருந்து விண்ணப்பமும் தபாலில் வந்துவிட்டது. ஜூன் மாதம் உமாதேவியைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட வேண்டுமாம், அடுத்த வருசம் ஹரியையும் விட வேண்டுமாம், ஊரில் இருக்கும் பெரியவர் என்று நான் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் மற்றதை நீ பார்த்துக்கொள்வாயாம். ஏழு வயசுப் பிள்ளையைப் பெற்றவளிடமிருந்து பிரித்து மலையில் கொண்டுபோய் விடச் சொல்கிறாயே, பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? என் பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலைக்கு இறக்கிவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறாய். யார் சொன்னது என்று எனக்குத் தெரியாதா? உன் அக்கா புருசன் சண்முகராஜ் மாப்பிள்ளை போன் பூத்தில் நின்றுகொண்டு ஊதிவிட்டான். அவன் ஒரு அரை மணி நேரம் நம் வீட்டில் நின்றான், முத்துசெல்வி நாலு மாதமாகப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறாள், நீ அரை மணி நேரக்காரனைத்தான் நம்பினாய்.

பிள்ளைகள் ஏன் வீட்டில் இருக்கின்றன என்பதை அதற்குள் மறந்துவிட்டாயா? இடது கையால் எழுதுகிறாள் என்று அந்த டீச்சரம்மா உமாவின் கையை ரிப்பனால் பெஞ்சோடு கட்டிப் போட்டது, மணிக்கட்டில் அடிஸ்கேலால் அடித்தது, அதிலிருந்து பிள்ளை பென்சிலைக் கண்டாலே கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டது எல்லாம் உனக்கு எழுதினேனே. போய்க் கேட்டதற்கு, பழக்கம் மாறணும்னா நாலு அடி விழத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பினார்கள். முத்துசெல்வி அன்றைக்கே இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பி.எஸ்.ஸி. படித்தவள், இனி நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை, பள்ளிக்கூடம் போகாமல் படிப்பு எப்படி வரும் என்று சத்தம் போட்டவன்தான் நான். பிறகு பார்த்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் மாப்பிள்ளை வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள். காலையில் முத்துசெல்வி பிள்ளைகளைப் பருத்திக் காட்டுக்குக் கூட்டிப்போய், வெடித்துக் கிடந்த நிலத்தில் குச்சியை விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று அளக்கச் சொன்னாள். ஒரு வெடிப்பில் ஹரியின் கை தோள் மட்டும் போய்விட்டது, அலறினான். வரும்போது கரிசல் மண் கொஞ்சம், ஓடைக்கு அந்தப் பக்கத்துச் செம்மண் கொஞ்சம் கட்டி எடுத்து வந்து, அடியில் ஓட்டை போட்ட இரண்டு சிரட்டையில் நிரப்பி, தண்ணீர் ஊற்றி எது முதலில் சொட்டுகிறது என்று பார்க்க வைத்தாள். செம்மண் உடனே விட்டுவிட்டது, கரிசல் குடித்துக்கொண்டே இருந்தது. அதனாலதான் மழை பேஞ்சா நம்ம காட்டுல செருப்ப விட்டுட்டு வாரோமா என்று உமா கேட்டாளாம். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்பாள், கேட்டால் உட்கார வைத்திருப்பார்களா?

தீப்பெட்டி விசயத்துக்கு வருகிறேன். நான் வீடுகளுக்கு அட்டை கொடுத்து, ஒட்டின பெட்டிகளை வாங்கித் தீப்பெட்டி ஆபீசில் சேர்க்கிறவன். வீடு பூராவும் அட்டையும் பசையும்தான் கிடக்கிறது. அதையே பாடமாக்கினாள் உன் வீட்டுக்காரி. ஒரு நாளைக்குக் குச்சி அடைக்கிற அடிப்பெட்டி பன்னிரண்டு, அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. ஆளுக்கு ஆறு, ஸ்கேல் வைத்து அளந்து மடித்து ஒட்ட வேண்டும், ஒட்டினதை ஒரு வரிசையாக வைக்க வேண்டும். மறுநாள் அடுத்த வரிசை. இரண்டு வரிசை இருபத்துநாலு, மூன்று வரிசை முப்பத்தாறு என்று தினமும் தொட்டு எண்ணி, பன்னிரண்டு நாளில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடிந்தது. செவ்வாய்க்கிழமை கடைசி வரிசை. பன்னிரண்டு பன்னிரண்டாக நூற்று நாற்பத்துநான்கு, சரியாக ஒரு குரோசு, ஈரம் காயக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

இனி எழுதுவதற்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மத்தியானம் ஆபீஸ் வேன் வந்து ஆரன் அடித்துக்கொண்டு நின்றது. சரக்கில் ஒரு குரோசு குறைந்தது. தரையைப் பார்த்தேன், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கண்ணுக்கு முன்னால் இருந்தது. முப்பத்தைந்து வருசமாக இதே வேலை செய்த கை, யோசிக்கவே இல்லை, சாக்கை விரித்துப் போட ஆரம்பித்துவிட்டேன். முத்துசெல்வி பின்புறம் சிரட்டைகளோடு இருந்தாள். உமா ஓடி வந்தாள், தாத்தா பத்திரமாக எடுத்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவளே வரிசை வரிசையாக எண்ணி எடுத்துக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை உள்ளே நுழைந்தான். என்ன மாமா, பேத்தியவும் வேலைக்கு இறக்கிட்டியளா என்று சிரித்தான். மாப்பிள்ளையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு காப்பி கொடுக்கச் சொன்னேன். பொய் சொல்லிவிட்டான் என்று அவன் மேல் பாய முடியவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். அவன் கண்ணால் பார்த்ததைத்தான் உன்னிடம் சொன்னான்.

வேன் போய், அவனும் போன பிறகு உமா வந்து, தாத்தா, எம் பெட்டிய எங்க வச்சிருக்கிய என்று கேட்டாள். ஆபீசுக்குப் போயிட்டும்மா என்றேன். பிள்ளை அழவில்லை, கையை மறுபடியும் பாவாடைக்குள் கொண்டுபோனாள். முத்துசெல்வி ஓடி வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒன்றிலிருந்து நூற்று நாற்பத்துநான்கு வரைக்கும் உமா பென்சிலால் எண் போட்டிருக்கிறாள். இத்தனை மாதத்துக்கு அப்புறம் தானாகப் பென்சிலைத் தொட்டு, இடது கையால் எழுதியிருக்கிறாள். உனக்குக் காட்ட வேண்டும், அதுவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். முத்துசெல்வி என்னை ஒரு பேச்சுக்கூட அதிகமாகப் பேசவில்லை. மாமா, அவ எழுதி வச்சிருந்தா, நீங்க சரக்காப் பாத்துட்டிய என்றாள். அவள் நாலு வார்த்தை கூட்டித் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

அந்த வெயிலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். நம் சாக்கைப் பிரித்துக் குச்சி அடைத்து அடுக்கிவிட்டார்கள், பாதி லோடும் ஏறிவிட்டது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து குச்சியைக் கொட்டிப் பார்த்தேன். என்ன அண்ணாச்சி, தங்கத்தையா தொலைச்சிய என்று ஃபோர்மேன் கேட்டான், பொம்பளையாட்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒன்பது பெட்டி கிடைத்தது. கொண்டுவந்து கொடுத்தேன். உமா வாங்கி உள்ளே பார்த்துவிட்டு, மத்ததெல்லாம் என்றாள். மற்றது எந்த ஊரில் எவன் பீடிக்குத் தீ கொடுத்துக்கொண்டிருக்கிறதோ, நான் எங்கே போய்த் தேட?

ஆக, தப்பு என்னுடையது. அதற்குப் பிள்ளையை மலைக்கு அனுப்புவாயா? முத்துசெல்வியின் நாலு மாத உழைப்பை ஒரு கையெழுத்தில் அழிக்கச் சொல்வாயா? அடிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து மீட்ட பிள்ளையைக் கண்காணாத பள்ளிக்கூடத்தில் விட்டால் அங்கே கையைக் கட்ட மாட்டார்கள் என்று யார் உனக்குச் சொன்னது? அட்டைக் கட்டு, பசைச் சட்டி எல்லாவற்றையும் நேற்றே வாடகைக்கு ஒரு ஷெட்டைப் பிடித்து அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். இனி இந்த வீட்டில் ஆபீஸ் சரக்கு ஒரு பெட்டி இருக்காது. முத்துசெல்வி வேறு அட்டை வாங்கி மறுபடி முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். உமா ஒட்டுகிறாள், இன்னும் எண் போடவில்லை. போடுவாள் என்று முத்துசெல்வி சொல்கிறாள், நானும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னை மாதிரி என் பிள்ளைகளும் ஆகக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். உமா வயசில் நீ பள்ளிக்கூடம் போகுமுன் தீக்குச்சிக் கட்டை அடுக்கினாய், வந்து பையை வைத்ததும் பெட்டி ஒட்டினாய். சட்டத்தில் குச்சி செருகிச் செருகி உன் விரல் நுனி வெடித்துக் கிடந்தது. உன் அம்மா, அவனை விட்டிருங்க என்று சொன்னபோதெல்லாம் நான் அவளையும் அடக்கினேன். அன்றைக்கு வயிற்றுப்பாடு அப்படி என்று இத்தனை வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது தப்புதான் செல்வம். உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை, கடிதத்தில் சொல்கிறேன். அந்தக் கோபத்தை என்னிடம் தீர்த்துக்கொள், உமாவிடம் தீர்க்காதே.

லீவு எழுதிக் கொடுத்து மே மாதமே வந்து சேர். வந்து ஒரு நாள் முழுதும் பிள்ளைகளோடு உட்கார், அதற்குப் பிறகும் விடுதிதான் என்றால் நீயே உன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல். வெயிலில் வேலை பார்க்கும்போது தலையில் துண்டு கட்டிக்கொள், ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. கழுகாசலமூர்த்தி உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒன்றும் போடவில்லை, என் கையெழுத்து இந்தக் கடிதத்தில்தான்.

இப்படிக்கு,
உன் பெட்டியை ஒரு நாளும் திறந்து பார்க்காத அப்பா,
பிச்சையா