புஜ்ஜிக்கு முடி வெட்ட ஓர் ஆள்

மே 5, திங்கள்

காலையிலேயே அனல். துணி காயப்போடச் செருப்பில்லாமல் மாடிக்குப் போய், ஓடி வந்தேன்.

எங்கள் சடை நாய் புஜ்ஜிக்குக் கழுத்தடியில் முடி சடை பிடித்துக் கட்டியாகிவிட்டது. சீப்பு பட்டால் வீல் என்கிறது. நாட்டு நாய் என்றால் இந்தத் தொல்லை உண்டா? டாக்டரிடம் காட்டினேன். சடைக்கு உள்ளே உண்ணி, புண்.

"முடிய எடுத்தாத்தானுங்க மருந்து புடிக்கும். தெரிஞ்ச ஆளாப் பாத்து எடுங்க. வயசாயிருச்சு, மயக்க மருந்து வேண்டாம். நெஞ்சு தாங்காது."

தெரிந்த ஆளுக்கு எங்கே போக? திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு ஆள் வேண்டுமென்றால் தெருவுக்குத் தெரு கிடைக்கும். நாய்க்கு முடி வெட்ட?

பக்கத்து வீட்டு சுமதி அக்காவின் நாய் போன வருடம் முடி வெட்டப் போன இடத்தில்தான் செத்தது. குளிப்பாட்டி, சூட்டுக் காற்று வரும் பெட்டிக்குள் காயவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ஆள் டீ குடிக்கப் போய்விட்டானாம். அக்கா அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பார்த்தேன். அதிலிருந்து சாத்திய கதவு என்றாலே எனக்குப் பயம்.

மே 6, செவ்வாய்

ரிக் வண்டியோடு போயிருக்கும் வீட்டுக்காரர் சத்தீஸ்கரிலிருந்து போன். பின்னால் ரிக் சத்தம்.

"ஏம்புள்ள, இதுக்கா இத்தன ரோசன? சங்ககிரி வாட்டர் சர்வீசுல உடு. லாரியவே கழுவறான், நாயக் கழுவ மாட்டானா? காத்துப் புடிச்சா ஒரு நிமிசத்துல காஞ்சிரும்."

ரிக்கில் காற்றடிக்கும் கம்ப்ரசர் பக்கத்திலேயே இருந்து இருந்து, இந்த மனிதருக்கு உலகத்தில் எல்லாமே காற்றடித்தால் சரியாகிவிடும். "நீங்க போயி நின்னு காத்துப் புடிச்சுக்குங்க" என்று வைத்துவிட்டேன். சிரிப்பு வந்தது. சாயங்காலம் புஜ்ஜிக்கு மூச்சு வாங்கியபோது அதுவும் போனது.

கேட்க வேண்டியவை: எங்கே பழகினார்கள். தடுப்பூசி போட்டாச்சா என்று அவர்களாகக் கேட்கிறார்களா. பெட்டி உண்டா. நான் உள்ளே நிற்கலாமா. மல்லித்தழை, பால் பாக்கெட் (இது வேறு தாளில் இருக்க வேண்டியது).

மே 7, புதன்

சேலம். பஸ்ஸில் புஜ்ஜி பைக்குள். அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடை, ஏ.சி., சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ். கிட்டப் போய்ப் படிக்கக் கடை ஆள் விடவில்லை.

"நீங்க உள்ள வரக்கூடாது மேடம். ஒரு மாத்திரை குடுத்துருவோம், அது பாட்டுக்குத் தூங்கும்."

என்ன மாத்திரை?

"டெய்லி குடுக்கறதுதான். பயப்படாதீங்க."

உள்ளே சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு நாய் கத்திக்கொண்டே இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சத்தம் காதிலேயே.

மே 8, வியாழன்

மேகம். மழை இல்லை.

நாமக்கல்லில் கவிதா என்று ஒரு பெண், மறுபடி போய்க் கேட்டதில் டாக்டரே நம்பர் கொடுத்தார். போன் போட்டால் நான் கேட்பதற்கு முன் அவள் கேட்கிறாள். வயசு என்ன, வலிப்பு வருமா, ஊசி எப்போது போட்டது, டாக்டர் சீட்டு இருக்கிறதா. கோயம்புத்தூரில் பயிற்சி, அங்கேயே சில வருடம் வேலை. காயவைக்கும் பெட்டி இல்லை. வெட்டுவது கால்நடை கிளினிக்கை ஒட்டிய அறையில்.

"கதவு?"

"தொறந்தேதானுங்க அக்கா இருக்கும். நீங்க பக்கத்துலயே நில்லுங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. பைத்தியம்.

சாயங்காலம் புஜ்ஜி விடாமல் சொறிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுச் சூடாக்கி, சடைக்குள் இறங்கும்படி தேய்த்துவிட்டேன். பேனுக்கும் பொடுகுக்கும் நம் வீட்டில் இதுதானே. வீடெல்லாம் கோயில் வாசம்.

மே 9, வெள்ளி

கிளினிக் வாசல் பெஞ்ச். டாக்டர் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன், அப்புறம் டைரியில் ஒட்டிக்கொள்ளலாம்.

காலையில் புஜ்ஜி வாந்தி. வெயில் என்று நினைத்தேன். நாமக்கல் வரும்போது பின்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது. கவிதா மேஜையில் வைத்தாள். கத்தரியை எடுக்கவில்லை. குனிந்து மோந்து பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, கற்பூரம் ஏதாச்சும் போட்டீங்களா?"

"எண்ணெயிலதான் சாமி. உண்ணிக்கு."

"நக்குச்சுங்களா?"

ராத்திரி பூராவும் நக்கியது. நான்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், ஆறுதலாக நக்குகிறது என்று.

"நாய்க்கு அது வெசமுங்க அக்கா." கிளினிக் டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவர் ஓடி வந்தார். முதலில் எண்ணெய் போக வேண்டும், சோப்பு, சோப்பு என்றார். நானும் தலையைப் பிடிக்கப் போனேன். கவிதா என் கையைப் பார்த்தாள்.

"நீங்க வெளிய இருங்க அக்கா. உங்க கையில இன்னும் அந்த வாசம் அடிக்குது."

கதவைச் சாத்திவிட்டாள்.

உள்ளே சத்தமே இல்லை. கத்தினாலாவது உயிர் இருப்பது தெரியும். வாரம் பூராவும் யார் கையில் கொடுப்பது என்றுதான் பயந்தேன். கத்து புஜ்ஜி.

மே 11, ஞாயிறு

இருக்கிறது. நேற்றுவரை டிரிப்ஸ். மாத்திரை, மயக்க மருந்து எதுவும் இல்லாமல் கவிதா கொஞ்சம் கொஞ்சமாக முடியை எடுத்துவிட்டாள். உரித்த கோழி மாதிரி இருக்கிறது. மதியம் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

வீட்டுக்காரருக்குப் போனில் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. "நீ சாப்டியா?" என்றார்.

விளக்கு வைத்தேன். கற்பூரம் ஏற்றவில்லை. டப்பாவோடு தெருக்கோடிக் குப்பையில் போட்டாச்சு.

புஜ்ஜி தானாக எழுந்து தண்ணீர் குடித்தது. கூப்பிட்டேன். வந்தது, வாலை ஆட்டிக்கொண்டே. கையை நீட்டினேன். மோந்து பார்த்தது. ஓர் அடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுபடியும் கை கழுவினேன்.