கப்பல் ஜன்னலில் என் முகம்

அக்கா,

நேற்று மத்தியானம் உங்கள் தங்கை மகள் அனுப்பிய பார்சல் வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள் என்று போனில் சொன்ன அன்றே, "பெரியம்மா உங்களுக்குன்னு ரெண்டு சாமான் எடுத்து வச்சிருந்தாங்க" என்றிருந்தாள். ஒன்று, தோல் உறைக்குள் உங்கள் பெட்டிக் கேமரா. இன்னொன்று, வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டிய ஆல்பம். உறையின் பொத்தானை எடுத்ததுமே அந்தப் பூஞ்சை வாடை. பரமக்குடி வெயிலில் எந்தப் பொருளிலும் அது வராது. மாதக்கணக்கில் மழை பெய்து, பலகையும் பாயும் துணியும் ஊறிப்போன இடத்தில்தான் வரும். மூக்குக்குத் தெரிந்தது மனசுக்கு எட்டுவதற்குள் நான் எழுந்துபோய் வாசல் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். திறந்துதான் கிடந்தது. எதிர்வீட்டுக்காரி, "யாரத் தேடுறீங்க?" என்றாள். காற்று வருகிறதா என்று பார்த்தேன் எனச் சொல்லிவைத்தேன்.

ஆல்பத்தை இன்னும் திறக்கவில்லை. உங்களிடம் பேசிவிட்டுத் திறக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

புரோத்ராபூரில் என்னைப் பூட்டி வைத்திருந்த அந்தப் பலகை வீட்டை, என்னைத் தவிர முழுசாக அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். கல்யாணமான இரண்டாவது வாரம் மெட்ராஸில் கப்பலேறி அந்தத் தீவுக்கு வந்தேன். அவர் ஃபீனிக்ஸ் பே என்ற இடத்தில் ஒரு மரக் காண்ட்ராக்டரிடம் மேஸ்திரியாக இருந்தார். காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கதவைச் சாத்தி வெளியே பூட்டுவார். ஐந்து மணிக்கு வந்து திறப்பார். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார், பூட்டுவார். "இங்க யாரு எந்த ஊரு, என்ன ஆளுன்னே தெரியாது. உனக்குப் பாஷையும் தெரியாது. என் பயம் எனக்கு" என்பார். முதல் மாதம் அதைப் பாசம் என்று நினைத்தேன். அந்த வெட்கக்கேட்டையும் உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

முன்னால் மரச்சட்டம் அடித்த ஒரு ஜன்னல். பின்னால் ஆள் உயரத்துக்குத் தகரம் அடைத்த முற்றம். அங்கிருந்து வானம் மட்டும் தெரியும். பஸ் போகும் சத்தத்தை வைத்து மணி சொல்வேன். மழை பிடித்துக்கொண்டால் தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் பஸ்ஸும் கேட்காது. அப்போது மணியும் இருக்காது.

நீங்கள் அம்மை குத்த வந்த நாள் நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரி நோட்டோடு வீடு வீடாக வந்தீர்கள். கதவில் பூட்டு. "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் உள்ளே தட்டைக் கழுவி வைத்த சத்தம் உங்களை நிறுத்திவிட்டது. ஜன்னலுக்கு வந்து பார்த்தீர்கள். பூட்டைப் பார்த்தீர்கள். மறுபடி என்னைப் பார்த்தீர்கள்.

"சாவி எங்கடி?"

"அவர்கிட்ட."

"அரே, வீடு தீப்பிடிச்சா என்ன பண்ணுவே?"

நான் தகரம் அடைத்த முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "சரி, கைய நீட்டு" என்று சட்டத்தின் இடுக்கு வழியாக என் கையை வாங்கி ஊசி குத்தினீர்கள். ஊர் முகம் பார்க்காமல் கிடந்தவளை ஒருத்தர் தொட்டதே பெரிதாக இருந்தது. நீங்கள் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். வலி என்று நினைத்திருப்பீர்கள்.

அதன்பிறகு டியூட்டி இல்லாத நாளில் எல்லாம் கேமராவோடு வந்தீர்கள். மெட்ராஸில் கழுவிக் கப்பலில் வந்த படங்களை ஒவ்வொன்றாகச் சட்டத்துக்குள் நீட்டுவீர்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வரும். அபர்டீன் பஜாரில் இஸ்திரி போடுகிறவர் கையில் பளபளக்கும் கடிகாரம், துவைக்க வந்த சட்டைப்பையில் இருந்ததாம். படம் எடுத்ததும் கழற்றித் திரும்பப் பையிலேயே போட்டாராம். படகில் ஒரு வங்காளி அம்மாள் மடியில் நான்கு வாத்து. "நாலும் சிரிக்கணும்" என்று அவள் அடம்பிடித்தாளாம். நான் மூன்று வருஷம் இருந்த ஊரை அப்படித்தான் பார்த்தேன், உங்கள் படத்தில். "சும்மா இருக்கிற படமாவே எடுக்கிறீங்களே அக்கா, யாரும் சிரிக்கலையே" என்று நான் கிண்டல் செய்தால், "படம்னா சிரிக்கணும்னு யாரு சொன்னது? ஆளு இருக்கணும், பஸ், அவ்ளோதான்" என்பீர்கள்.

ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். அதில் ஒன்று எப்போதும் கப்பலுக்கு. மெயின்லேண்ட் கப்பல் கிளம்பும் நாளாகப் பார்த்து ஜெட்டிக்குப் போய் நின்று, அது நகர்ந்ததும் ஒன்று எடுப்பீர்கள். வருகிற கப்பலை எடுத்ததே இல்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. என் சிறை எனக்குப் பெரிது. உங்களுக்கும் ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை.

ஊருக்குப் படம் அனுப்பும் யோசனை என்னுடையது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தறியை விட்டு இறங்கிவந்து, என் கடிதத்தைத் தெருவில் யாரிடமாவது கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார். மகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரிந்தால், வரன் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கச்சியின் கதி? நீங்கள் போலீஸுக்குப் போகலாம் என்றீர்கள். நான் மாட்டேன் என்றேன். பூட்டைத் திறந்துவிட்டால் மட்டும் எங்கே போவது, சுற்றிலும் கடல். அப்பா வந்தால்தான் வழி. எழுத்தில் சொல்ல முடியாததைப் படத்தில் சொல்லலாம். நான் ஜன்னலில் நிற்க வேண்டும், பக்கத்தில் கதவு, கதவில் பூட்டு. பார்த்தால் அப்பாவுக்குப் புரியும். வேறு யாரும் படிக்கத் தேவையில்லை.

"பூட்டு தெரியணும்க்கா" என்று எத்தனை தடவை சொன்னேன்!

"தெரியும்டி, சும்மா இரு. முகத்த சட்டத்துக்குக் கிட்ட கொண்டு வா."

அன்று உங்கள் கண் சிவந்திருந்தது. சளியா என்று கேட்டேன். வெயில் என்றீர்கள். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, டீகூட வாங்கிக் குடிக்காமல் போனீர்கள். பஜார் ஸ்டூடியோவில் அவருக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், ரோலை அடுத்த கப்பலில் மெட்ராஸிலிருந்த உங்கள் தங்கைக்கு அனுப்பினீர்கள். ஜன்னல் படத்தைக் கழுவி அப்படியே பரமக்குடி விலாசத்துக்குத் தபாலில் சேர்க்கச் சொல்லி. நாம் இருவருமே அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

அதற்கும் அடுத்த கப்பலில் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். மாற்றல் ஆர்டர் வந்து மாதங்கள் ஆகியிருந்ததும், உங்கள் இடத்துக்கு மெயின்லேண்டிலிருந்து ரிலீவர் வராமல் நகர முடியாமல் கிடந்ததும் அன்றுதான் எனக்குத் தெரியும். "ரிலீவர் வந்துட்டாடி. போனதும் மொதல் வேல பரமக்குடி. உங்கப்பாவ நேர்ல பார்க்கிறேன்" என்றீர்கள். நான், "போறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சொல்லி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பிறகு செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா. அந்த இரண்டு வாரம் நான் கிடந்த கிடை, அதற்கு முந்திய மூன்று வருஷத்திலும் கிடந்ததில்லை.

பிறகு ஒரு நாள், காலை பஸ் போய் வெகுநேரம் கழித்து, மண் ரோட்டில் இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று நீங்கள். இன்னொன்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரை ஆடுவதுபோலக் காலை அகற்றி வைத்து நடந்த என் அப்பா.

"தாயி" என்றார். மடியிலிருந்து படத்தை எடுத்துச் சட்டத்துக்குள் நீட்டினார்.

படத்தில் வெள்ளைக் கப்பல் ஒன்று. அதன் பக்கவாட்டில் ஒரு ஜன்னல். ஜன்னலில் என் முகம். கதவு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. பூட்டு இருக்க வேண்டிய இடத்தைக் கப்பலின் வெள்ளை அப்படியே விழுங்கியிருந்தது.

"எடுத்ததும் ரோலச் சுத்தணும். மறந்துட்டேன்" என்றீர்கள். ஒரே பிலிமில் இரண்டு படம். காலையில் ஜெட்டியில் கப்பலை எடுத்திருக்கிறீர்கள். அதே இடத்தின் மேல் என்னை. அன்று அந்தக் கப்பலில் போக டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றது நீங்கள்தானாம். ரிலீவர் வரவில்லை, இறங்கு என்று சொல்லிவிட்டார்களாம். பெட்டியோடு நின்று, உங்களை விட்டுவிட்டுப் போகிற கப்பலை எடுத்துவிட்டு, எனக்குக் கொடுத்திருந்த வாக்குக்காகப் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். நான் சளியா என்று கேட்டேன்.

அப்பாவுக்குப் புரிந்தது ஒன்றுதான்: மகள் கப்பலில் உட்கார்ந்திருக்கிறாள், வந்துகொண்டிருக்கிறாள். மெட்ராஸ் துறைமுகத்து வாசலில் ஆறு நாள் கிடந்து, கப்பல் வந்ததும் இறங்குகிறவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டி, "இந்தா, இந்தச் சன்னல்ல இருக்கிறது எம்மக. எந்தப் பக்கமா எறங்கும்?" என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்லாமல் எல்லோரும் போக, டிரங்குப் பெட்டியோடு இறங்கிய நீங்கள் நின்றீர்கள். தெருவுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டியதை அங்கேயே வாயால் சொன்னீர்கள். ஐந்தாம் நாள் அதே கப்பலில், தப்பி வந்த ஊருக்கே, பாஷை தெரியாத மனிதரைக் கூட்டிக்கொண்டு திரும்ப ஏறினீர்கள்.

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் விறகு வெட்டும் கத்தியோடு வந்து, "தாலா தோட் தோ, பாபா" என்றாள். பூட்டை உடைக்கச் சொல்கிறாள் அப்பா என்று நான் உள்ளிருந்து சொன்னேன். எனக்குப் பாஷை தெரியாது என்றவருக்குத் தெரியாமல், ஜன்னலிலேயே ஹிந்தி கற்றிருந்தேன்.

"வேணாம் தாயி. ஒடைச்சா நாம திருட வந்தவுகன்னு ஆயிரும். பூட்டுனவரே வந்து தொறக்கட்டும்."

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவர், ஐந்து மணி வரை எழவில்லை. நான் உள்ளே அதே இடத்தில் பலகையில் சாய்ந்து உட்கார்ந்தேன். இருவருக்கும் நடுவே ஒரு விரல் கனம் பலகை. தங்கச்சிக்கு வரன் அமைந்ததையும், ஆடு குட்டி போட்டதையும் சொன்னார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எதிரே நின்று ஒரு படம் எடுத்தீர்கள். இந்தத் தடவை பூட்டு விழ வேண்டும் என்று நான் உள்ளிருந்து கத்தினேன். நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் அப்பாவைப் பார்த்து நின்றுவிட்டார். "மாமா, பயந்துதான்..." என்று ஆரம்பித்தார்.

"தொறந்துட்டுப் பேசுங்க மாப்ள."

சாவி துவாரத்தில் போகவில்லை. மூன்று தடவை கீறிய சத்தம் உள்ளே கேட்டது. நான்காவது தடவை திறந்தது.

கப்பலில் இரண்டு இடம்தான் கிடைத்தது. "நீங்க போங்க, நான் அடுத்ததுல" என்றீர்கள். கப்பல் நகர்ந்தபோது கூட்டத்துக்கு நடுவில் கேமராவை இடுப்புக்கு நேரே பிடித்துக் குனிந்தீர்கள். பிறகு நிமிர்ந்து, நான் பார்க்கிறேனா என்று பார்த்து, விரலால் காற்றில் கேமராவின் பிலிம் சாவியைச் சுற்றுவதுபோலக் காட்டினீர்கள். சுற்றிவிட்டேன், இந்தத் தடவை மறக்கவில்லை என்று. நான் கையை ஆட்டினேன். முதுகு காட்டி நின்றதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்; கப்பல் ஊதிவிட்டது.

உங்கள் அடுத்த கப்பல் மழையில் தள்ளிப்போனது. அதற்குள் மெட்ராஸில் வேலையில் சேர வேண்டிய கெடு முடிந்து, ஆர்டர் ரத்தாகி, பழைய இடத்திலேயே போட்டார்கள். இதை உங்கள் வாயால் நான் கேட்டதில்லை. பல வருஷம் கழித்து உங்கள் தங்கை சொல்லித்தான் தெரியும். நான் பரமக்குடியில் அப்பாவின் பக்கத்துத் தறியில் உட்கார்ந்தேன். பூட்டியவர் இரண்டு தடவை என்னைக் கூப்பிட வந்தார். அப்பா மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். நீங்கள் கடைசியில் மெட்ராஸ் வந்த பிறகு பார்த்தபோதெல்லாம் அந்த வருஷங்களைப் பற்றி ஆரம்பிப்பேன். "ஏழு வருஷம்லாம் ஒரு வருஷமாடி?" என்று கையை வீசிவிட்டு வேறு பேச்சுக்குப் போவீர்கள்.

இப்போது ஆல்பத்தைத் திறக்கிறேன்.

பக்கத்துக்கு ஒரு கப்பல். எல்லாம் போகிற கப்பல்கள். நடுவில் அப்பா, கதவு, பூட்டு. பூட்டு நன்றாக விழுந்திருக்கிறது. அடுத்த பக்கம் என் கப்பல். கம்பியோரம் கடுகளவு நான். அதற்கு அடுத்த பக்கத்திலும் கப்பல். அதற்கு அடுத்ததிலும். வெறும் ஏழு வருஷம் என்று நீங்கள் வீசி எறிந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணினேன். எனக்குப் பிறகு நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் ஜெட்டியில் நின்று, எடுத்து, சுற்றிவிட்டுத் திரும்ப நடந்திருக்கிறீர்கள்.

கடைசிப் பக்கத்தில் கப்பல் இல்லை. ஜெட்டி இருக்கிறது, தண்ணீருக்கு அப்பால், சிறிதாகிக்கொண்டு. கப்பலிலிருந்து நீங்கள் எடுத்தது. அத்தனை பேரை நின்று ஏற்றிவிட்டவளை ஏற்றிவிட அந்த ஜெட்டியில் ஒரு ஆள் இல்லை. ஆள் இருக்கணும் என்பீர்களே.

நான் வந்து நின்றிருக்க வேண்டும், அக்கா.