ஹை என்று போட்டிருந்தது

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுதிக் காற்று. வெள்ளிக்கிழமை என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் திருச்சியில் கீமோ. வாங்க வேண்டியது: இளநீர், ஃப்ளாஸ்க், அவள் தலைக்குக் கட்டப் பருத்தித் துண்டு.

ஆபரேஷனில் எடுத்த சினைப்பைக் கட்டியில் ஒரு துண்டு லேபுக்குப் போயிருக்கிறது. முடிவு வரவில்லை. எதற்கு அது என்று கேட்டாள். நான் பாடம் எடுக்கும் வகுப்பை வைத்துச் சொன்னேன். எல்லாப் பிள்ளைக்கும் வாய் உண்டு. சிலது கத்தும், சிலது கம்மென்று இருக்கும். மரபணுவும் அப்படி. எது எவ்வளவு சத்தம் போடுகிறது என்று பார்த்தால் நோய் இனி எப்படிப் போகும் என்று ஓரளவு தெரியும்.

"கத்துறது நல்லதா, கெட்டதா?"

தெரியவில்லை. பேச்சை மாற்றினேன்.

புதன்

ரிப்போர்ட் போனில் வந்தது. பக்கம் பக்கமாக இங்கிலீஷ். தமிழ் வாத்தியாருக்கு என்ன புரியும்? கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்: ஹை. ஆயுசு முழுக்க மார்க் போட்ட கை. ஹை என்றால் நல்லதுதானே.

"ஸ்டெல்லா, ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

சிரித்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு இரண்டு இட்லி. ஏலாக்குறிச்சியில் இருக்கும் தன் அக்காவுக்கும் சொல்லிவிட்டாள்.

வெள்ளி

பெரம்பலூரில் ஏறும்போதே பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு மருந்து ஏறும்போது டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டார்.

"சார், ரிப்போர்ட்ல ஹைன்னு போட்டிருக்கிற இந்த மரபணுக்கள் அதிகமா வேலை செஞ்சா கட்டி சீக்கிரம் திரும்ப வர வாய்ப்பு கூடுதல். வந்தே தீரும்னு இல்ல. பலரை வச்சுப் பார்த்த கணக்கு இது. உங்க வீட்டம்மாவுக்கு எழுதின தீர்ப்பு இல்ல. நெருக்கமா கவனிப்போம்."

வராந்தாவில் தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். அவளிடம் சொல்லவில்லை.

சனி

அக்கா போன். "தம்பி, நாளைக்கு மாதா கோயில்ல நன்றிப் பூசைக்குப் பேர் குடுத்துட்டேன். முடிஞ்சா வந்துட்டுப் போங்க."

சரிங்க என்று வைத்தேன். ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வாத்தியாரே, பேப்பரத் தப்பாத் திருத்திட்டீங்களா?"

சொன்னேன். எல்லாவற்றையும். அவள் நேராக உட்கார்ந்தாள். பிறகு:

"அக்காகிட்ட சொல்லுங்க. பூசைய நிறுத்த வேணாம். நன்றிங்கிறத அடிச்சுட்டு வேண்டுதல்னு எழுதச் சொல்லுங்க."

போன் போட்டுச் சொன்னேன். அக்கா அழத் தொடங்கினாள். ஸ்டெல்லா கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள்.