தளபதி வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள்

மார்ச் 3, சனி

துணி மடித்துக்கொண்டே டிவியைப் போட்டது என் தப்பு. விவாதத்தில் என் அண்ணன், ஆளுங்கட்சி எம்.பி.யாக. "நாம் இப்போது போருக்குத் தயாராக இல்லை என்று படைத்தளபதி நாடாளுமன்றக் குழுவில் சொல்லியிருக்கிறார். அவருக்கு நாட்டுப்பற்று இருக்கிறதா என்று மக்கள் கேட்கிறார்கள்!" எந்த மக்கள்? அந்தத் தளபதி தன் தங்கை புருஷன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இவர் பக்கத்து அறையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பிரஷ் சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

மார்ச் 4, ஞாயிறு

வழக்கம்போல் செஸ் ஆட வந்துவிட்டார் அண்ணன்! கையில் பழம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து அப்படிப் பேசிட்டு இன்னிக்கு எந்த மூஞ்சியோட வந்தீங்க?"

"அது கட்சிக்காகப் பேசுறதும்மா. மாப்பிள்ளை தப்பா எடுத்துக்க மாட்டார்."

இவர் காய்களை அடுக்கினார். "உக்காருங்க மச்சான்."

இந்த மனுஷனுக்கு ரோஷம் என்று ஒன்று இருக்கா, இல்லையா? நான் காபி போடவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

மார்ச் 7, புதன்

காலையில் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள். இவர்தான் உண்மையான தேசபக்தராம். ராஜினாமா செய்துவிட்டு அவர்கள் மேடையில் ஏறினால் போதுமாம்.

"சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிட்டேன். முடிவு எடுக்கறது அவையோட வேலை" என்று வாசல்வரை போய் அனுப்பி வைத்தார்.

மாலைச் செய்தியில் அதே வாய்கள்: பதவியை விட மனமில்லாத கோழை. காலையில் தேசபக்தர், சாயங்காலம் கோழை. நடுவில் இவர் செய்ததெல்லாம் மதியச் சாப்பாடும் ஒரு குட்டித் தூக்கமும்தான்.

மார்ச் 14, புதன்

நாடாளுமன்றத்தில் போர்த் தீர்மானம் நிறைவேறியது. அண்ணன் முன்வரிசையில் மேசையைத் தட்டினார்.

"வேணாம்னு சொன்னதும் நீங்க, போய் நடத்தப்போறதும் நீங்களா?" என்றேன்.

"வேற யாரு?"

மார்ச் 18, ஞாயிறு

அண்ணன் விடிந்ததுமே வந்தார். செஸ் பலகையைத் தொடவில்லை. அவர் மகன் கேப்டன். முதலில் போகும் பிரிவில் இருக்கிறான்.

"மாப்பிள்ளை... பையனை மட்டும் தலைமையகத்துக்கு மாத்திடுங்களேன். ஒரு கையெழுத்துதானே."

"மச்சான், நீங்க டிவியில என்னைப் பத்திச் சொன்னது பொய். நான் இந்தக் கையெழுத்தைப் போட்டா அது நிஜமாயிடும்."

நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். போட்டுடுங்களேன் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. வந்துச்சே — அப்போ அண்ணனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? காபி கொடுத்தேன். அப்படியே ஆறிப்போனது.

ஏப்ரல் 8, ஞாயிறு

இவரும் அண்ணன் பையனும் எல்லையில். டிவியில் அண்ணன் உட்கார்ந்த நாற்காலியில் வேறு யாரோ. தளபதி ஏன் இவ்வளவு மெதுவாக முன்னேறுகிறார், யாருக்காக, என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணன் வந்து டிவியை அணைத்தார். பலகையை எடுத்து இரண்டு பக்கமும் காய்களை அடுக்கினார். எனக்கு ஆடத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

எதிரே போய் உட்கார்ந்தேன்.