ஹேண்ட்பேனில் வைத்த பொட்டு

ஜனவரி 18, ஞாயிறு. தொம்மலூர்.

இன்று மகள் திவ்யாவிடம் கத்திவிட்டேன். பத்து வயதுப் பிள்ளை. அவள் செய்ததில் ஒரு தப்பும் கிடையாது.

போன ஆயுத பூஜையன்று என் மனைவி கலா ஸ்கூட்டர், மிக்ஸி, கையால் தட்டி நான் வாசிக்கும் ஹேண்ட்பேன் என்று ஒன்று விடாமல் சந்தனப் பொட்டு வைத்தாள்.

"அது இரும்பு வாத்தியம் கலா, ஈரம் பட்டா துருப்பிடிக்கும்."

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது. நாளைக்குத் தொடச்சுக்கோங்க."

ஹேண்ட்பேனின் நடு மேட்டில் விரலை அழுத்தி வைத்தாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அதன் பிறகு நான் அதை வாசிக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. காய்ந்த சந்தனத்தில் அவள் விரல் ரேகை இருந்தது. அடியில் துரு ஏறுவது தெரிந்தேதான் விட்டுவைத்திருந்தேன்.

இன்று மார்க்கெட் போய்விட்டு வந்தால் ஹேண்ட்பேன் பளபளவென்று இருக்கிறது.

"துரு பிடிச்சிருந்துச்சுப்பா. ஸ்பிரிட்ல தொடச்சு ஸ்வல்ப எண்ணெயும் போட்டேன். நீதான சொல்லிக்குடுத்த?"

நான் கத்தியதை இங்கே எழுதக் கை வரவில்லை. அவள் அழவே இல்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

விளக்கை அணைக்கப் போனபோதுதான் பார்த்தேன். அதே இடத்தில் புதிதாக ஒரு சந்தனப் பொட்டு. சின்ன விரலின் அச்சு. இன்னும் ஈரம் காயவில்லை.

உடனே துடைத்தாக வேண்டும். துணியை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.